ஜிப் கோடு எழுதும் தலையெழுத்து: அமெரிக்காவில் ஏழ்மைக்கு ஏன் ஒரு நிறமும் ஒரு முகவரியும் இருக்கின்றன?

ஒரே நாடு, ஒரே சட்டம். ஆனால் நான்கு தெரு தள்ளிப் பிறந்தால் வருமானம் மாறுகிறது, பள்ளி மாறுகிறது, வெயிலின் அளவுகூட மாறுகிறது. இது எப்படி நடந்தது? ஒரு விரிவான அலசல்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், 8 மைல் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. உயரம் 6 அடி, தடிமன் ஒரு அடி, நீளம் சுமார் அரை மைல். வீடுகளின் கொல்லைப்புறம் வழியாக ஓடும் சாதாரண கான்கிரீட் சுவர். இன்று அதில் ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். குழந்தைகள் அதன் ஓரமாக விளையாடுகிறார்கள்.

1941-ல் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் கட்டிய சுவர் இது. கிழக்குப் பக்கம் கறுப்பினத்தவர் குடியிருப்பு. மேற்குப் பக்கம் வெள்ளையர்களுக்காக லே-அவுட் போட்டு வீடு கட்ட நினைத்தார் பில்டர். ஆனால், 'கறுப்பினத்தவர் பகுதிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது' என்று சொல்லி, வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகமான எஃப்.எச்.ஏ. நடுவில் சுவர் எழுப்பிய பிறகு அதே இடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

அதாவது, யார் எங்கே வாழலாம் என்பதை மார்க்கெட் மட்டும் முடிவு செய்யவில்லை. அரசும் சேர்ந்துதான் முடிவு செய்தது. அந்த முடிவின் விளைவை 80 ஆண்டுகள் கழித்து இன்னொரு தலைமுறை அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் ஏழைகள் யார்?

முதலில் ஒரு பொதுவான தவறைச் சரி செய்துகொள்வோம். 'அமெரிக்காவில் ஏழ்மை' என்றதும் பெருநகரத்தின் நடுவே இருக்கும் கறுப்பினக் குடியிருப்புதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஹாலிவுட் படங்கள் செய்த வேலை அது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், அமெரிக்க ஏழைகளில் அதிகம் பேர் வெள்ளையர்கள்தான். ஆனால் சதவீதக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2023-ம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி வெள்ளையர்களில் சுமார் 8% பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். கறுப்பினத்தவரில் இது சுமார் 18%. பூர்வகுடிகளிடம் இன்னும் அதிகம்.

இரண்டாவது விஷயம், நகரங்களைவிட கிராமப்புறத்தில்தான் வறுமை விகிதம் அதிகம். 1960-களில் இருந்தே இந்தக் கணக்கு மாறவில்லை. அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சுமார் 30 ஆண்டுகளாக மக்கள்தொகையில் 20 சதவீதத்துக்கும் மேல் ஏழைகளாகவே இருக்கும் கவுன்ட்டிகளின் பட்டியல் அது. கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 2015-ல் வெளியிட்ட பட்டியலில் 353 கவுன்ட்டிகள் இருந்தன. அதில் 301 கிராமப்புறக் கவுன்ட்டிகள்.

அந்த 353-ஐயும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அவை நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. கொத்துக் கொத்தாக இருக்கின்றன. மிசிசிப்பி டெல்டா, அலபாமா - ஜார்ஜியாவின் 'பிளாக் பெல்ட்', அப்பலாச்சிய மலைப்பகுதி, மெக்சிகோ எல்லையோர டெக்சாஸ், பூர்வகுடிகளின் ரிசர்வேஷன் நிலங்கள். ஒவ்வொரு கொத்துக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முதலில் நகரத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

ரெட்லைனிங்னா என்ன?

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் லட்சக்கணக்கானோர் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்தார்கள். அவர்களைக் காப்பாற்ற 1933-ல் எச்.ஓ.எல்.சி என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. எந்தப் பகுதியில் கடன் கொடுத்தால் ரிஸ்க் குறைவு என்பதைத் தெரிந்துகொள்ள, 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு அது வரைபடம் தயாரித்தது.

வரைபடத்தில் 4 நிறங்கள். பச்சை என்றால் 'ஏ' கிரேடு, மிகச் சிறந்த பகுதி. நீலம் 'பி'. மஞ்சள் 'சி', சரிந்துகொண்டிருக்கும் பகுதி. சிவப்பு 'டி', ஆபத்தான பகுதி. இந்தச் சிவப்பு நிறத்தில் இருந்துதான் 'ரெட்லைனிங்' என்ற சொல்லே பின்னாளில் வந்தது.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் நிரப்பினார்கள். வீடுகளின் வயது, வாடகை ஆகியவற்றோடு, அங்கே கறுப்பினத்தவர் எத்தனை சதவீதம், யாருடைய 'ஊடுருவல்' நடக்கிறது என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் குடும்பத்துக்கு அரசு வைத்த பெயர், ஊடுருவல்!

இதில் ஒரு நுட்பமான விஷயமும் உண்டு. சிவப்புப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர் அல்ல. ஐரோப்பாவில் இருந்து புதிதாக வந்த ஏழை வெள்ளையர்களும் ஏராளமாக இருந்தார்கள். ஆனால் வரைபடம் போடப்பட்ட நகரங்களில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை சிவப்புக்குள்தான் இருந்தன. வெள்ளையர் காசு சேர்த்தால் நீலப் பகுதிக்குப் போகலாம். கறுப்பினத்தவர் காசு சேர்த்தாலும் போக முடியாது.

இந்த வரைபடங்களைவிட எஃப்.எச்.ஏ-வின் விதிகள்தான் அதிக சேதம் செய்தன என்று வாதிடும் பொருளாதார ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 1934-ல் தொடங்கிய எஃப்.எச்.ஏ, வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. குறைந்த முன்பணம், நீண்ட காலத் தவணை என இன்று நமக்குப் பழகிப்போன ஹோம் லோன் அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்தது இதன் மூலம்தான். ஆனால், வெவ்வேறு இனத்தவர் கலந்து வாழும் பகுதிகளை அதன் கையேடு ரிஸ்க்காகக் கருதியது. வீட்டுப் பத்திரத்திலேயே 'வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது' என்று ஷரத்து சேர்ப்பதை அது ஊக்குவித்தது.

கடன் கிடைக்காதவங்க எப்படி வீடு வாங்கினாங்க?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற புறநகரம் எழுந்தது. 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். தொழிற்சாலையில் கார் செய்வதுபோல வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். போரில் இருந்து திரும்பிய வீரர்கள் முன்பணமே இல்லாமல்கூட வீடு வாங்க முடிந்தது. ஆனால் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

கறுப்பின வீரர்களும் அதே போரில்தான் சண்டை போட்டார்கள். முன்னாள் வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கொடுக்கும் சட்டத்தில் இனப் பாகுபாடு எழுதப்படவில்லை. ஆனால் கடனைக் கொடுக்க வேண்டியது உள்ளூர் வங்கி. 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தில் வீடு, தொழில், பண்ணைக்காகக் கொடுக்கப்பட்ட இத்தகைய கடன்கள் 3,229. அதில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை எத்தனை தெரியுமா? 2.

சிகாகோவில் இதை வைத்தே ஒரு வியாபாரம் நடந்தது. வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு 'தவணையில் வீடு' என்று வலை விரித்தார்கள் இடைத்தரகர்கள். பயந்துபோன வெள்ளையரிடம் குறைந்த விலைக்கு வீட்டை வாங்குவது, அதையே கறுப்பினத்தவரிடம் பல மடங்கு விலைக்கு விற்பது. முன்பணம் கட்டணும், மாதத் தவணை கட்டணும், ரிப்பேர் செலவும் அவங்களே பார்த்துக்கணும். ஆனால் கடைசித் தவணை கட்டும்வரை கிரயப் பத்திரம் கைக்கு வராது. ஒரே ஒரு தவணை தவறினாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அதுவரை கட்டிய பணமும் போச்சு. அடுத்த வாரம் அதே வீடு இன்னொரு குடும்பத்துக்கு விற்பனைக்கு வரும்.

1960-களின் இறுதியில் இந்தக் குடும்பங்கள் ஒன்று சேர்ந்து சங்கம் அமைத்து, தவணை கட்ட மறுத்துப் போராடின. சிலருக்கு ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டது. பலர் அதற்குள் எல்லாவற்றையும் இழந்திருந்தார்கள்.

சாலை வந்தது, ஊர் போனது

1956-ல் அதிபர் ஐசனோவர் காலத்தில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. செலவில் 90% மத்திய அரசுடையது. புறநகரில் வீடு வாங்கிய வெள்ளையர்கள் நகரத்து ஆபீஸுக்குக் காரில் வந்துபோக அகலமான சாலைகள் தேவைப்பட்டன. அதற்கு நகருக்குள் இடம் எங்கே இருக்கிறது? நில மதிப்பு குறைவாக, எதிர்ப்புக் குரல் எடுபடாத இடமாகப் பார்த்தார்கள். வரைபடத்தில் சிவப்பாக இருந்த பகுதிகள்தான் கண்ணில் பட்டன.

டெட்ராய்ட்டில் பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்று இரண்டு பகுதிகள். கறுப்பினத்தவரின் கடைகள், மருத்துவர்கள், ஜாஸ் கிளப்கள் நிறைந்த இடம். 'சேரி ஒழிப்பு' என்ற பெயரிலும் ஐ-375 நெடுஞ்சாலைக்காகவும் அவை தரைமட்டமாயின. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ரோண்டோ பகுதியை ஐ-94 இரண்டாகப் பிளந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு ஏதோ ஒரு இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை.

வேலையும் வரியும் புறநகருக்குப் போய்விட்டன. 1950-ல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18.5 லட்சம். 2020-ல் 6.4 லட்சத்துக்கும் கீழே. தெருவிளக்கும் பேருந்தும் தீயணைப்பு வண்டியும் எஞ்சியிருந்தவர்களின் வரியில் ஓட வேண்டியிருந்தது. 2013-ல் நகரமே திவால் நோட்டீஸ் கொடுத்தது.

சரி, அவங்க எல்லாம் எங்கிருந்து வந்தாங்க?

இங்கேதான் கிராமத்தின் கதை சேர்கிறது. 1910-ல் அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் 90% பேர் தென் மாநிலங்களில்தான் இருந்தார்கள். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் அங்கிருந்து கிளம்பி சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று போனார்கள். வரலாற்றில் இதற்கு 'மாபெரும் இடப்பெயர்வு' என்று பெயர்.

கிளம்பக் காரணங்கள் பல. அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தாலும் நிலம் கைக்கு வரவில்லை. பழைய முதலாளியின் நிலத்திலேயே வார சாகுபடி செய்தார்கள். விதையும் மளிகையும் முதலாளியின் கடையில் கடனுக்கு வாங்கணும். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். கணக்கைக் கேள்வி கேட்டால் உயிருக்கே ஆபத்து.

பிறகு அந்த வேலையும் போனது. 1944 அக்டோபரில் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே ஒரு பண்ணையில், பருத்தி எடுக்கும் இயந்திரங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு இயந்திரம் சுமார் 50 பேரின் வேலையைச் செய்தது. அடுத்த 20 ஆண்டுகளில் டெல்டாவில் கூலிக்கு ஆள் தேவைப்படுவது அநேகமாக நின்றே போனது.

சொந்த நிலம் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. 1920-ல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கும் மேல். இன்று 50 ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு முக்கியக் காரணம் நம்மூர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும். உயில் எழுதாமல் தாத்தா இறந்துபோவார். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தாக நிலம் பேரன் பேத்திகளுக்கு வரும். தெளிவான பத்திரம் இல்லாததால் வங்கிக் கடனோ, புயல் நிவாரணமோ கிடைக்காது. எங்கோ இருக்கும் ஒரு பங்காளியிடம் அவர் பங்கை மட்டும் வெளியாள் ஒருவர் வாங்குவார். உடனே 'பாகம் பிரிச்சுக் கொடுங்க' என்று நீதிமன்றம் போவார். மொத்த நிலமும் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுக்கும் பணம் யாரிடம் இருக்கும்?

இன்னொரு காரணம், அரசின் விவசாயக் கடனிலேயே இருந்த பாகுபாடு. இதை எதிர்த்துக் கறுப்பின விவசாயிகள் வேளாண் துறை மீது போட்ட வழக்கு 1999-ல் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய மனித உரிமை இழப்பீடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்குள் பலரின் நிலம் கைமாறியிருந்தது.

கரிசல் மண்ணும் கழிவுநீரும்

ஊரை விட்டுப் போகாதவர்கள் என்ன ஆனார்கள்? அலபாமாவின் லவுண்டஸ் கவுன்ட்டி அதற்கு ஓர் உதாரணம்.

இது பிளாக் பெல்ட் பகுதி. முதலில் அந்தப் பெயர் மண்ணின் நிறத்தைத்தான் குறித்தது. நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரி பருத்திக்கு ஏற்ற கறுப்பு மண். பருத்திக்காகக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வாரிசுகள் இங்கே பெரும்பான்மையாக வாழ்வதால், பின்னாளில் பெயருக்கு இரண்டாவது அர்த்தமும் சேர்ந்துகொண்டது.

1965-ல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவில் இருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த புகழ்பெற்ற வாக்குரிமைப் பேரணி, இந்தக் கவுன்ட்டி வழியாகத்தான் போனது. அப்போது வாக்காளராகப் பதிவு செய்த குற்றத்துக்காகவே பல குடும்பங்களை நில முதலாளிகள் வெளியேற்றினார்கள். அவர்கள் நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள்.

இன்று அங்கே பெரிய பிரச்னை, கழிவுநீர். வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் பாதாளச் சாக்கடை பல இடங்களில் இல்லை. அவரவர் செப்டிக் டேங்க் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கரிசல் மண் ஈரமானால் தண்ணீரை உள்ளே இழுக்காது. சாதாரண செப்டிக் டேங்க் மழைக் காலத்தில் எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். இந்த மண்ணுக்கு ஏற்ற ஸ்பெஷல் அமைப்பு வைக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். வசதியில்லாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் குழாயை வெளியே நீட்டிக் கொல்லையில் விட்டுவிடுகிறார்கள். 'முறையான டேங்க் வைக்கவில்லை' என்று ஏழைகள் மீது வழக்குப் போட்ட காலமும் உண்டு.

2017-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுத் தொற்றின் தடயம் இருந்ததாகச் சொல்லப்பட்டது. உலகின் பணக்கார நாட்டிலா என்று பலரும் அதிர்ந்தார்கள். அதே ஆண்டு இறுதியில் ஐ.நா-வின் வறுமை தொடர்பான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அலபாமாவுக்கு நேரில் வந்து பார்த்தார். லவுண்டஸ் மண்ணின் மகளான கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் தொடர்ந்து குரல் கொடுத்தார். 2020-ல் அவருக்கு மெக்ஆர்தர் விருது கிடைத்தது.

2023-ல் அமெரிக்க நீதித் துறையும் அலபாமா சுகாதாரத் துறையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. வழக்குப் போடுவதை நிறுத்தணும், செப்டிக் அமைப்புகளுக்குத் திட்டம் தரணும் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். 2025 ஏப்ரலில் டிரம்ப் நிர்வாகம் அந்த உடன்பாட்டையே ரத்து செய்தது. இன அடிப்படையிலான 'பன்முகத்தன்மை' திட்டங்களை ஒழிக்கும் கொள்கையின் பகுதி என்று காரணம் சொன்னது.

வெள்ளையர் மலை, பூர்வகுடி நிலம்

கிராமப்புற ஏழ்மை கறுப்பினத்தவரோடு முடிவதில்லை. 1964 ஏப்ரலில் அதிபர் லிண்டன் ஜான்சன், 'வறுமைக்கு எதிரான போர்' திட்டத்துக்கு ஆதரவு திரட்டப் போன இடங்களில் முக்கியமானது கென்டக்கியின் மார்ட்டின் கவுன்ட்டி. அப்பலாச்சிய மலையில் இருக்கும் நிலக்கரி ஊர். மக்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர். நிலத்தடி உரிமை வெளியூர் கம்பெனிகளிடம். நிலக்கரி வெளியே போனது, லாபமும் கூடவே போனது. இயந்திரம் வந்ததும் வேலையும் போனது. வெள்ளையராக இருந்தும் இடம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அப்பலாச்சியா சாட்சி.

பூர்வகுடிகளின் கதை நேரடியாக நிலத்தைப் பறித்த கதை. 1887-ல் வந்த டாஸ் சட்டம், பொது நிலத்தைத் தனித்தனிப் பங்காகப் பிரித்து, 'மிச்சத்தை' வெளியாருக்குத் திறந்துவிட்டது. 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம் 1934-ல் சுமார் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. எஞ்சிய நிலத்தில் பெரும்பகுதி அரசின் பொறுப்பில் இருப்பதால் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது இன்றும் பெரிய போராட்டம். நிலம் இருக்கு, ஆனா அது சொத்தாக மாறாது.

வீடு இல்லைன்னா என்ன, வாடகைக்கு இருந்துட்டுப் போகலாமே?

நியாயமான கேள்வி. பதில், அமெரிக்காவில் வீடு என்பது பள்ளியும் சேர்த்துத்தான்.

அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்கள் வீடு தேடும்போது பேசும் முதல் வார்த்தையே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?' என்பதுதான். அரசுப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரியில் இருந்து வருகிறது. வீட்டு விலை அதிகமுள்ள ஊரில் வரி வசூல் அதிகம். பள்ளி நன்றாக இருக்கும். பள்ளி நன்றாக இருப்பதால் வீட்டு விலை இன்னும் ஏறும். ஏழைகளின் ஊரில் இதே சக்கரம் தலைகீழாகச் சுற்றும்.

இதை எதிர்த்து டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரப் பெற்றோர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-ல் 5-4 என்ற கணக்கில் தோற்றார்கள். கல்வி, அமெரிக்க அரசியல் சாசனம் உத்தரவாதம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. அடுத்த ஆண்டு டெட்ராய்ட் வழக்கு. நகரத்துக் கறுப்பின மாணவர்களையும் புறநகர் வெள்ளை மாணவர்களையும் கலந்து படிக்க வைக்கும் திட்டத்தில் புறநகர்ப் பள்ளிகளைச் சேர்க்க முடியாது என்று அதே 5-4 கணக்கில் தீர்ப்பு வந்தது. நகர எல்லையைத் தாண்டிக் குடிபோனவர்களை இனி எந்தத் திட்டமும் தொடாது என்பது உறுதியானது.

ஒரு நகரம் தன் எல்லைக்குள்ளேயே முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் பெர்க்லி உதாரணம். 1968-ல் அந்த ஊர், மலைப்பக்க வசதியான பகுதிகளின் குழந்தைகளையும் சமவெளிப் பகுதிக் குழந்தைகளையும் பேருந்தில் மாற்றி மாற்றி அனுப்பிக் கலந்து படிக்க வைத்தது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் சமவெளிப் பகுதியில் இருந்து அப்படிப் போன குழந்தைகளில் ஒருவர். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான கமலா ஹாரிஸ்!

வீடு என்பது சேமிப்பும்கூட. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி நடத்திய கணக்கெடுப்பின்படி, நடுநிலை வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். 1950-ல் தாத்தா வாங்கிய வீடு, 1980-ல் அப்பாவின் காலேஜ் ஃபீஸ் ஆனது, 2010-ல் பேரனின் முன்பணம் ஆனது. தாத்தாவுக்குக் கடன் மறுக்கப்பட்ட வீட்டில் இந்தச் சங்கிலி தொடங்கவே இல்லை.

வெயில்கூடப் பழைய வரைபடத்தை மறக்கவில்லை. 108 நகரங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு காலத்தில் சிவப்பு பூசப்பட்ட பகுதிகள் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிக வெப்பமாக இருப்பதைக் காட்டியது. மரங்கள் குறைவு, கான்கிரீட்டும் நெடுஞ்சாலையும் அதிகம் என்பதே காரணம்.

ராஜ் செட்டி கண்டுபிடித்தது என்ன?

இடம் மாறினால் வாழ்க்கை மாறுமா? இந்தக் கேள்விக்கு டேட்டாவால் பதில் தேடியவர் ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர் ராஜ் செட்டி. டெல்லியில் பிறந்து, 9 வயதில் அமெரிக்கா போன தமிழ்ப் பின்னணிக் குடும்பத்துப் பிள்ளை.

1990-களில் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய 5 நகரங்களில் அமெரிக்க அரசு ஒரு சோதனை நடத்தியது. அரசுக் குடியிருப்பில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களில், குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் ஏழ்மை குறைந்த பகுதியில் வாடகைக்குப் போக வவுச்சர் கொடுத்தார்கள். முதல் முடிவுகள் ஏமாற்றம் தந்தன. பெற்றோரின் வருமானம் கூடவில்லை.

செட்டியும் சக ஆய்வாளர்களும் 2015-ல் அந்தக் குழந்தைகளைத் தேடினார்கள். 13 வயதுக்கு முன்பே இடம் மாறியவர்கள், 20-களின் நடுவில் மற்றவர்களைவிட 31% அதிகம் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சின்ன வயதிலேயே போனால்தான் இடம் வேலை செய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் சேருகிறது.

ஆனால் இடம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2018-ல் அதே குழு இன்னொரு விஷயத்தைக் காட்டியது. ஒரே தெருச் சுற்றத்தில், ஒரே வருமானக் குடும்பங்களில் வளர்ந்தாலும், நாட்டின் 99% பகுதிகளில் கறுப்பினச் சிறுவர்கள் வளர்ந்த பிறகு வெள்ளைச் சிறுவர்களைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள்.

2024-ல் வந்த ஆய்வு படத்தை இன்னும் சிக்கலாக்கியது. 1978-ல் பிறந்தவர்களையும் 1992-ல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால், ஏழைக் குடும்பத்துக் கறுப்பின - வெள்ளைக் குழந்தைகளுக்கு இடையிலான வருமான இடைவெளி சுமார் 30% குறைந்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அதே காலத்தில் ஏழை வெள்ளையருக்கும் பணக்கார வெள்ளையருக்கும் இடையிலான இடைவெளி சுமார் அதே அளவு கூடியிருக்கிறது. சுற்றிலும் இருக்கும் பெரியவர்களுக்கு வேலை இருக்கும் ஊரில் குழந்தைகள் முன்னேறுகிறார்கள் என்பது இந்த ஆய்வு சொல்லும் சேதி.

சட்டம்தான் மாறிடுச்சே?

மாறியது. பத்திரத்தில் எழுதிய இன ஷரத்துகளை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று 1948-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11-ல் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் கடன் தருவதிலும் இனப் பாகுபாடு சட்டவிரோதம்.

ஆனால் 1947-ல் மலிவாக விற்ற வீடு 1970-ல் மலிவாக இல்லை. கதவு திறந்தபோது படிக்கட்டு உயர்ந்துவிட்டது. கூடவே, இனத்தைப் பற்றிப் பேசாமலே வேலையைச் செய்யும் விதிகள் வந்தன. 'இந்தப் பகுதியில் தனி வீடு மட்டும்தான் கட்டணும், அடுக்குமாடி கூடாது', 'மனை குறைந்தது இவ்வளவு பெரிதாக இருக்கணும்' என்கிற மண்டல விதிகள். இவை ஏழைகளை வெளியே நிறுத்தும். அதில் யார் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய சிவப்புப் பகுதிகளில் சுமார் 74% இன்றும் குறைந்த அல்லது நடுத்தரத்துக்குக் கீழான வருமானப் பகுதிகளாகவே இருப்பதாக 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. மறுபக்கம், ஏழ்மையும் புறநகருக்கு நகர்ந்துவிட்டது. 2000-களிலேயே பெருநகரங்களுக்குள் இருக்கும் ஏழைகளைவிட, அவற்றின் புறநகர்களில் இருக்கும் ஏழைகளின் எண்ணிக்கை அதிகமாகிவிட்டது. 2014-ல் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரை போலீஸ் சுட்டதால் கொந்தளித்த ஃபெர்குசன், செயின்ட் லூயிஸின் ஒரு புறநகர்தான். வரி வருமானம் போதாத அந்த ஊர், போலீஸ் போடும் அபராதத்தை வருமான வழியாக வைத்திருந்தது என்று நீதித் துறையின் 2015 அறிக்கை சுட்டிக்காட்டியது.

இப்போ என்ன நடக்குது?

சில முயற்சிகள் பலன் தந்திருக்கின்றன. சியாட்டில் பகுதியில் செட்டி குழு நடத்திய சோதனையில், வாடகை வவுச்சரோடு வீடு தேடித் தருவது, உரிமையாளரிடம் பேசுவது, டெபாசிட்டுக்கு உதவுவது என்று கைகொடுத்தார்கள். நல்ல வாய்ப்புள்ள பகுதிக்குக் குடிபோன குடும்பங்கள் 15 சதவீதத்தில் இருந்து 53 சதவீதமாக உயர்ந்தன. ஏழைகள் விருப்பப்பட்டுத்தான் ஏழ்மைப் பகுதியில் இருக்கிறார்கள் என்ற வாதத்துக்கு இது நல்ல பதில்.

மினியாபொலிஸ் நகரம் 2018-ல் 'தனி வீடு மட்டும்' என்ற மண்டல விதியை நீக்க முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு ஓரிகன் மாநிலம் அந்த வழியில் போனது.

எதிர்த் திசையிலும் வண்டி ஓடுகிறது. மத்திய நிதி பெறும் ஊர்கள் குடியிருப்புப் பிரிவினையைக் குறைக்கத் திட்டம் தர வேண்டும் என்ற விதியை ஒபாமா அரசு 2015-ல் கொண்டுவந்தது. டிரம்ப் 2020-ல் நீக்கினார். பைடன் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தார். 2025-ல் டிரம்ப் நிர்வாகம் மறுபடியும் நீக்கியது.

கிராமங்களுக்கு இந்த விவாதத்தில் இடமே குறைவு. 2010-க்குப் பிறகு 100-க்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டுவிட்டன. 'நல்ல பகுதிக்குக் குடிபோங்க' என்ற யோசனை நகரத்தில் சில பேருந்து நிறுத்தங்கள் தள்ளிப் போவது. டெல்டாவிலோ மலையிலோ ரிசர்வேஷனிலோ அது ஊரையே விட்டுப் போவது. தாத்தாவின் நிலம், கோயிலாக இருக்கும் சர்ச், வயதான அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு.

அதனால்தான் ஆய்வாளர்களிடையே இன்று இரண்டு கேள்விகள் ஒன்றாகவே ஓடுகின்றன. மக்களை நல்ல இடத்துக்கு நகர்த்துவதா, அல்லது இருக்கும் இடத்தை நல்லதாக்குவதா? முதலாவது வேகமானது, ஆனால் எல்லோரையும் நகர்த்த முடியாது. இரண்டாவது அதிகப் பணமும் காலமும் கேட்பது. இரண்டுக்குமே பணம் ஒதுக்க வேண்டியது, ஒரு காலத்தில் வரைபடத்தில் வண்ணம் பூசிய அதே அரசுதான்.